பழுப்புக் கறை படாத குழந்தை

பெனிஷா இறந்த மறுநாள் ஓசூர் மத்திகிரியில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அவள் பெயருக்குக் கீழே ‘லேப் டெக்னீஷியன்’ என்று அச்சாகியிருந்தது. அச்சகத்துக்காரர் கேட்டதற்குத் தம்பி ஸ்டெபின் அவசரத்தில் சொன்ன பதில் அது. அவன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காள் என்ன வேலை பார்த்தாள் என்பதை ஒரு வரியில் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவள், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. தேவைப்பட்டால் குழந்தைகளின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பாள், ஆனால் ரத்தம் எடுப்பது அவள் வேலை இல்லை. அம்மா லூர்தம்மாள், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் விசாரிப்பவர்களிடம், “கொழந்தைங்க மூளையப் பத்திப் படிக்கறா” என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். கிட்டத்தட்ட அதுதான் சரியான பதில்.

சொந்த ஊர் எலத்தகிரி. அப்பா அருள்ஜோசப் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லேத் ஓட்டினார். அதனால் பிள்ளைகள் வளர்ந்தது ஓசூரில். பெனிஷாவுக்கு எதிலும் பொறுமை கிடையாது. சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டு முடிப்பாள். பூசையில் பிரசங்கம் நீண்டால் அவள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு முழுக்க ஆடும். பக்கத்தில் இருப்பவர் அவள் முழங்காலில் கை வைத்து அமுக்குவார். இப்படிப்பட்டவள் பெங்களூரில் போய் ஆறு வருடம் தலைப்பிரட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

தலைப்பிரட்டைக்கு வால் சுருங்கிக் கால் முளைப்பது தைராய்டு சுரப்பினால்தான். அந்தச் சுரப்பைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் குட்டியாக இருக்கும்போதே அவசர அவசரமாகத் தவளையாகிவிடும். சுரப்பைத் தடுத்துவிட்டால் தவளையே ஆகாது. சாகவும் சாகாது. பெரிய தலைப்பிரட்டையாக வளர்ந்துகொண்டே போகும், தொட்டியைச் சுற்றிச் சுற்றி வரும். பெனிஷா அவற்றின் மூளையை மெல்லிய சீவலாக நறுக்கி நரம்பு செல்களைப் பார்த்தாள். கைகளைப் போலக் கிளைத்து ஒன்றையொன்று தொட வேண்டிய செல்கள், சுரப்பு கிடைக்காத மூளையில் மொட்டையாக நின்றன. பிறகு எவ்வளவு சுரப்பைக் கொட்டினாலும் அவை பழையபடி கிளைப்பதில்லை. தொட வேண்டிய நேரம் என்று ஒன்று இருந்தது; அது போய்விட்டது. மனிதக் குழந்தைக்கும் இதே கதைதான், வால் மட்டும்தான் இல்லை என்பாள்.

பெங்களூர் ஆய்வுக்கான நிதி நின்றுபோனதும் ஓசூருக்கே திரும்பி வந்தாள். பாகலூர் சாலையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடம், பிறந்த குழந்தைகளின் தைராய்டைப் பரிசோதிக்கும் ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. ஓசூரில் பிரசவமாகும் குழந்தைகளின் குதிகாலில் குத்தி நாலு சொட்டு ரத்தத்தைத் தடித்த தாளில் ஊறவைத்துக் காயவைத்து அனுப்புவார்கள். அதில் டி.எஸ்.எச். அளவைப் பார்ப்பாள். மூளை, “சுரப்பு போதவில்லை” என்று தைராய்டைக் கூப்பிடும் குரல்தான் அந்த டி.எஸ்.எச். அளவு ஏறியிருந்தால் மூளை கத்திக் கூப்பிடுகிறது, தைராய்டு காதில் வாங்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட குழந்தைக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் தினம் ஒரு சின்ன மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். விட்டுவிட்டால் மாதங்கள் கழித்துத்தான் வீட்டில் சந்தேகம் வரும். அப்போது மாத்திரை உடம்பை வளர்க்கும், மூளைக்குப் போனது போனதுதான்.

இரண்டு வாரத்தைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு வாரத்துக்கும் மூளை எவ்வளவு இழக்கிறது என்பதுதான் பெனிஷாவின் ஆராய்ச்சி. தூங்குகிற குழந்தையின் தலையில் மூன்று ஒயர் ஒட்டி, காதில் சின்னச் சின்ன ‘டக்’ ஒலிகளைக் கொடுத்து, அது மூளைத் தண்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பாள். நரம்பின் மேலுறை சரியாக வளராத குழந்தைக்கு ஒலி தாமதமாகப் போய்ச் சேரும். கண்ணிமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத தாமதம். அதைப் பிடிக்கத்தான் அவள் வாழ்ந்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் வந்த மழைக்காலத்தில் ஒரு விஷயம் நடந்தது. வழக்கமாக ஆயிரம் குழந்தைக்கு ஒன்று என்று ஏறும் அளவு, ஒரே நர்சிங் ஹோமிலிருந்து வந்த தாள்களில் வரிசையாக ஏற ஆரம்பித்தது. பெனிஷா சோதனையைத் திரும்பச் செய்தாள். கருவியைக் குறை சொல்ல வழியில்லை. மற்ற ஆஸ்பத்திரித் தாள்கள் சரியாகவே இருந்தன. அந்த நர்சிங் ஹோமுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பகுதியில் குடியிருந்தார்கள். பக்கத்தில் முலாம் பூசும் பட்டறைகள். அவ்வளவுதான், அவளுக்குத் தூக்கம் போயிற்று. பட்டறைக் கழிவு நிலத்தடி நீரில் கலந்து தாய்மார் வயிற்றுக்குள் போகிறது என்று முடிவுகட்டி, ஆழ்குழாய்த் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகப் பிடித்து வந்து பெங்களூருக்கு அனுப்பினாள். தன்னுடைய பழைய ஆய்வு வழிகாட்டிக்கு நீளமாக மின்னஞ்சல் எழுதினாள். நர்சிங் ஹோமின் குழந்தை மருத்துவர் வெள்ளைச்சாமியிடம் போய், இது பெரிய விஷயம், கலெக்டர்வரை போக வேண்டும் என்று நின்றாள். அவர் அறுபதைத் தாண்டியவர், கேலிக்காரர். முதலில் தண்ணீர் ரிசல்ட் வரட்டும், நான் வேண்டுமானால் அதுவரை சோடா குடிக்கிறேன் என்றாராம்.

தண்ணீரில் ஒன்றும் இல்லை.

காரணம் வேறு இடத்தில் இருந்தது. மறுபரிசோதனைக்கு வந்த குழந்தைகளின் இடுப்புத் துணியில் எல்லாம் ஒரே மாதிரிப் பழுப்புக் கறை இருப்பதை ஒரு நாள் கவனித்தாள். நர்சிங் ஹோம் ஆயா ஜோதியம்மாளின் கைவேலை அது. மழை தொடங்கியபோது வீட்டுக்குப் போன ஒரு குழந்தை தொப்புள் சீழ் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறது; வீட்டில் சாம்பலை வைத்துவிட்டார்கள். ஜோதியம்மாள் மனம் பொறுக்காமல், அன்றிலிருந்து புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தைப் பிறந்த குழந்தைகளின் தொப்புளில் வேளைக்கு வேளை தாராளமாகப் பூசி, வீட்டுக்குப் போகும்போது ஒரு சின்னப் பாட்டிலையும் கையில் கொடுத்து அனுப்ப ஆரம்பித்திருந்தார். பிறந்த குழந்தையின் தோல் மெல்லியது. அயோடின் உள்ளே போய்விடும். அளவுக்கு மீறிப் போனால் அந்தப் பிஞ்சுத் தைராய்டு திகைத்து வேலையை நிறுத்திவிடும். பூசுவதை நிறுத்தினால் தானாக மீண்டும் ஓடும்.

நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுத்த குழந்தைகளுக்கெல்லாம் அளவு இறங்கிவிட்டது. வெள்ளைச்சாமி பெனிஷாவைப் பார்க்கும்போதெல்லாம், “ஏம்மா, தண்ணி இப்போ குடிக்கலாமா?” என்று கேட்க ஆரம்பித்தார். பரிசோதனைக் கூடத்திலும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பெங்களூருக்கு இன்னொரு மின்னஞ்சல், இந்தத் தடவை சின்னது, எழுதினாள். அவமானத்தில் வேகவேகமாக எல்லாவற்றையும் முடித்துக் கட்டினாள். மறுபரிசோதனைக்கு வராதது ஒரே ஒரு குழந்தை. அதன் அப்பா மணிகண்டன் ஓசூரில் கம்பெனி வேலை. அம்மா ரேவதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேப்பனப்பள்ளிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெனிஷா மணிகண்டனுக்கு ஃபோன் செய்து, பயப்பட ஒன்றுமில்லை, மற்றக் குழந்தைகளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது, ஒன்றரை மாத ஊசிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாள்.

அதற்குச் சில நாள் கழித்து, பழுப்புப் பாட்டில் இன்னும் எங்காவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்க நர்சிங் ஹோமுக்குப் போனாள். ஜோதியம்மாள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நல்லது செய்யப் போய்ப் பேர் கெட்டுப்போன மனத்தாங்கல் அவருக்கு. பெனிஷா அலமாரியைத் திறந்து பார்ப்பதைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“பாருங்க, நல்லா பாருங்க. எல்லாத்தியும் ஊத்திட்டாச்சு. இனிமே சீழ் புடிச்சாலும் நான் கை வெக்க மாட்டேன். அந்த வேப்பனப்பள்ளிப் பொண்ணு ரேவதி இருக்குதே, அதுதான் புத்திசாலி. மூத்த பையனுக்கு எவளோ என்னத்தியோ பூசிப் புண்ணாயிடுச்சாம். இந்தக் கொழந்தையோட தொப்புள்கிட்ட என்னிய உடவே இல்ல. ஒரு சொட்டு வெக்கலியே நானு. அத்தக் கேளுங்க, ஜோதி என்னா தப்பு பண்ணான்னு.”

பெனிஷாவின் கை அலமாரிக் கதவிலேயே நின்றுவிட்டது.

“பாட்டில் குடுத்து அனுப்புனீங்களா?”

“வாங்கிக்கினாத்தானே.”

“பிரசவத்தப்போ அந்தப் பொண்ணுக்குக் கழுவுறதுக்கு இந்த மருந்தைப் போட்டிருப்பீங்க இல்ல?”

“ஆட்டோவுல இருந்து எறங்கும்போதே தலை வெளிய. கழுவறாங்களாம் கழுவ.”

மருந்தே படாத குழந்தை. அப்படியானால் அதற்கு அளவு ஏறியது மருந்தால் இல்லை. மற்றக் குழந்தைகளின் கணக்கில் இதையும் சேர்த்துப் போட்டு, ஒன்றுமில்லை, மெதுவாக வாருங்கள் என்று சொன்னது யார்? அவளேதான். பிறந்து மூன்று வாரம் முடியப் போகிறது. தொட வேண்டிய செல்கள் தொடாமல் நிற்கும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஆராய்ச்சி செய்த அதே வாரங்கள்.

வெள்ளைச்சாமி அறைக்கு ஓடினாள். வெளியே வரிசை. உள்ளே போய் நின்றுகொண்டே சொன்னாள். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமல் கேட்டுவிட்டு, “போன மாசம் தண்ணின்னே. அப்புறம் ஜோதின்னே. இன்னைக்கு நிஜமான நோய்ன்றே. நான் எதை நம்பறது?” என்றார். கோபமில்லை, அலுப்புதான். குழந்தையைப் பார்க்காமல் மருந்து எழுத மாட்டேன், கூட்டிக்கொண்டு வா, பார்க்கிறேன் என்றார். அதில் தப்பும் இல்லை. அவளிடம் இருந்தது காய்ந்த ரத்தத்தின் ஒரு எண். அந்த எண்ணைப் பற்றி அவளே இரண்டு தடவை மாற்றிப் பேசியிருந்தாள்.

மணிகண்டனுக்கு ஃபோன் போட்டாள். அணைக்கப்பட்டிருந்தது. அவன் கம்பெனியில் ஷிஃப்ட்டுக்குள் நுழையும்போது ஃபோனை கேட்டிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்தால்தான் கைக்கு வரும். ரேவதியிடம் தனி ஃபோன் இல்லை. பெனிஷா கம்பெனி கேட்டுக்குப் போய்க் காத்திருக்கலாமா என்று யோசித்தாள். யோசிக்கும்போதே கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

ஜோதியம்மாளும் கிளம்பி வந்தார். அந்த ஊர் தெரியும் என்றார். உண்மையில் தனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. தான் பூசவில்லை என்பதற்கு ரேவதி வாயால் ஒரு சாட்சி வேண்டும். கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வெற்றிலையைப் பிரித்தார்.

சூளகிரி தாண்டும் இடத்தில் மேம்பால வேலை. லாரிகள் ஒன்றின்பின் ஒன்று நின்றன. பெனிஷா எழுந்து டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பஸ் அரையடி நகர்ந்ததற்கு நன்றி சொல்பவளைப் போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ எழுந்து நின்னா பஸ் போயிருமா கண்ணு?” என்றார் ஜோதியம்மாள்.

முன்சீட்டில் இருந்த ஆள் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பெனிஷா உட்கார்ந்தாள். அந்தக் குழந்தைக்கு நிஜமாகவே நோய் என்றால் என்ன ஆகும் என்று ஜோதியம்மாள் கேட்டார். பெனிஷா சொன்னாள். நடப்பது தாமதமாகும், பேசுவது தாமதமாகும், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு ஓடமுடியாது, அதற்கெல்லாம் பிறகு மருந்து கிடையாது, மருந்துக்கான நாள் இதுதான் என்றாள். ஜோதியம்மாள் அதற்குப் பிறகு வேலையைப் பற்றிப் பேசவில்லை. கிருஷ்ணகிரியில் இறங்கியதும் அவரே முன்னால் ஓடி வேப்பனப்பள்ளி பஸ்ஸை மறித்து நிறுத்தினார்.

வேப்பனப்பள்ளியிலிருந்து ஷேர் ஆட்டோ. ஆந்திர எல்லைக்கு முந்தின ஊர். மாந்தோப்புகளுக்கு நடுவில் ஓட்டு வீடு. ரேவதியின் அப்பா நாராயணப்பன் வாசலில் மருந்தடிக்கும் பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரு, என்ன என்று தெலுங்கிலும் தமிழிலும் கேட்டார். ஜோதியம்மாளைத் தெரிந்ததால் குடிக்கத் தண்ணீர் வந்தது. விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

மாப்பிள்ளை ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார் என்றார். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, இப்படி அடக்கமான பிள்ளையை இந்த ஊரே பார்த்ததில்லை, அழுகிற சத்தமே பக்கத்து வீட்டுக்குக் கேட்டதில்லை என்றார். கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது, தினம் காலை வெயிலில் காட்டுகிறோம், போய்விடும். பிறகு, தீட்டுக் கழித்துப் பெயர் வைக்கும்வரை தாயும் பிள்ளையும் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை, அதற்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது, முடிந்ததும் கொண்டுவருகிறோம் என்றார். இதெல்லாம் மரியாதையாகத்தான் சொன்னார். கடைசியில்தான் மனதில் இருந்தது வெளியே வந்தது.

“லேப்புக்காரங்க ஊட்டுக்கே தேடிக்கினு வர்றது இப்பத்தான்மா பாக்கறேன். உங்குளுக்கும் டார்கெட்டு இருக்குதா?”

பெனிஷாவுக்குக் காது சூடானது. எட்டு நாள். அவளால் ஒரு பஸ் நிறுத்தத்தைப் பொறுக்க முடியாது. இங்கே எட்டு நாளை ஒரு மனிதர் பம்பு வாஷரைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார். அவரிடம் மூளை, செல், சுரப்பு என்று ஏதேதோ சொல்லத் தொடங்கினாள். தொடங்கிய வேகத்தில் பாதி அவளுக்கே புரியாமல் வந்தது. ஜோதியம்மாள் அவள் கையைப் பிடித்து அமுக்கினார்.

உள்ளேயிருந்து ரேவதி வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். கையில் குழந்தை, தூங்கிக்கொண்டிருந்தது. நேராகப் பெனிஷாவைப் பார்த்தாள்.

“ஃபோன்ல ஒண்ணுமில்லைன்னு சொன்னது நீங்கதானேக்கா?”

“நான்தான்.”

“இப்போ இருக்குதுன்றீங்க.”

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எல்லாக் குழந்தைக்கும் மருந்து பூசினதால ஏறுச்சுன்னு நினைச்சேன். உங்க குழந்தைக்குப் பூசவே இல்லைன்னு இன்னைக்குக் காலைலதான் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்.”

ரேவதி அப்பா பக்கம் திரும்பினாள்.

“நைனா, பெரியவன் இந்த வயசுல எப்டி இருந்தான்னு உனக்கு ஞாபகம் இருக்குதா? பாலு ஒரு நிமிசம் தாமசமானா ஊட்டையே தூக்கிடுவான். இவள நான்தான் உள்ளங்கால் சுண்டிச் சுண்டி எழுப்பிப் பாலு குடுக்கறேன். ரெண்டு வாயி குடிச்சிட்டு உட்டுர்றா. தொட்டா சில்லுனு இருக்குறா. நான் சொன்னா, நல்ல புள்ள, நல்ல புள்ளன்னே சொல்லிக்கினு இருக்கீங்க எல்லாரும்.”

குழந்தையைப் பெனிஷாவிடம் நீட்டினாள். பெனிஷா வாங்கினாள். அவள் ஆயிரக்கணக்கான ரத்தத் தாள்களைப் பார்த்தவள். மருந்தே தொடங்காத, நோயுள்ள குழந்தையைக் கையில் வாங்குவது அபூர்வம். பாரமாக, தளர்ந்து, மாவு உருண்டையைப் போல் கையில் படிந்தது. நாக்கு நுனி உதட்டுக்கு வெளியே தெரிந்தது. வயிறு உப்பியிருந்தது. விரலை உள்ளங்கையில் வைத்தாள். குழந்தை பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தது, ஆனால் யோசித்துப் பிடித்ததுபோல் இருந்தது. அவளுக்கு ரத்தப் பரிசோதனை எதுவும் தேவைப்படவில்லை.

“எட்டு நாள் வேண்டாங்க ஐயா,” என்றாள். குரல் அடங்கியிருந்தது. “தீட்டுன்னா நான் தொட்டுட்டேன். எனக்கும் சேர்த்துக் கழிச்சுக்கங்க. இன்னைக்கே போகணும்.”

நாராயணப்பன் மகளைப் பார்த்தார். மகள் அதற்குள் உள்ளே போய்ப் பையில் துணிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். யார் அனுமதியையும் கேட்கிற நிலையில் அவள் இல்லை. அவர் பம்பை அப்படியே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மாங்காய் ஏற்றும் குட்டியானை வண்டி பக்கத்துத் தோப்பில் நின்றது. ஓட்டுகிறவன் சாப்பிடப் போயிருந்தான்; அவரே ஓட்டினார். முன்னால் ரேவதியும் குழந்தையும். பின்னால் காலி மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே பெனிஷாவும் ஜோதியம்மாளும். நெடுஞ்சாலையில் வண்டி தூக்கிப் போட்டபோதெல்லாம் ஜோதியம்மாள் எல்லா மதத்துச் சாமியையும் கூப்பிட்டார். ஷிஃப்ட் முடிந்து ஃபோன் கைக்கு வந்ததும் மணிகண்டன் கூப்பிட்டான். காற்று இரைச்சலில், நர்சிங் ஹோமுக்கு வந்துவிடுங்கள் என்பதைப் பெனிஷா கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளைச்சாமி புறப்படத் தயாராக இருந்தார். குழந்தையை மேஜையில் கிடத்தித் துணியை விலக்கினார். கேலி எதுவும் வரவில்லை. வயிற்றைத் தொட்டார், நாக்கைப் பார்த்தார், தலை உச்சியில் விரலை வைத்துத் தடவினார். அங்கே எலும்பு சேராத இடைவெளி வழக்கத்தைவிட அகலமாக இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்து முடிந்ததும் மருந்துச் சீட்டை எழுதிக் கிழித்தார்.

“ரிசல்ட் நாளைக்கு வரும். அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். மாத்திரையை இப்பவே குடுங்க. தாய்ப்பாலைப் பாலாடையில பீச்சி, அதுல நுணுக்கி.”

பிறகு, யாருக்கும் என்றில்லாமல், “ஜோதிகிட்ட அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்,” என்றார்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. குழந்தையின் ரத்தத்தில் தைராய்டு சுரப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. ஸ்கேன் எடுத்தபோது கழுத்தில் அந்தச் சுரப்பியே இல்லாதது தெரிந்தது. பிறக்கும்போதே இல்லை.

அடுத்த மாதங்களில் பெனிஷா படுத்திய பாட்டை ரேவதி வீட்டில் இன்றும் சொல்வார்கள். இரண்டு நாளைக்கு ஒரு ஃபோன். மாத்திரை கொடுத்தாயா? எத்தனை மணிக்கு? இரும்புச் சத்து மருந்தோடு சேர்த்துக் கொடுக்கவில்லையே? கக்கிவிட்டால் திரும்பக் கொடு. மணிகண்டன் ஷிஃப்ட் முடிந்து பெட்டியிலிருந்து ஃபோனை எடுக்கும்போதெல்லாம் அவளுடைய தவறிய அழைப்புகள் நிற்கும். கூட வேலை செய்பவர்கள் யாருடா அது என்று கேலி செய்வார்களாம். குழந்தைக்கு அருணா என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்புக்குப் பெனிஷாவையும் ஜோதியம்மாளையும் கூப்பிட்டார்கள். ஜோதியம்மாள் போனார். பெனிஷா போகவில்லை. அந்தக் குழந்தையைப் பார்ப்பதற்கு அவளுக்குப் பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வாரத்தில் தொடங்கிய மாத்திரை காப்பாற்றியிருக்குமா, அவள் சொன்ன ‘மெதுவாக வாருங்கள்’ எதையாவது தின்றுவிட்டிருக்குமா என்று சொல்லக்கூடிய கருவி அவள் அறையில்தான் இருந்தது. ஒயரை ஒட்டினால் எண் வந்துவிடும். மற்றக் குழந்தைகளுக்கு அவளே தேதி கொடுத்துக் கூப்பிடுவாள். அருணாவுக்கு மட்டும் தேதி தள்ளிக்கொண்டே போயிற்று. ஆராய்ச்சித் திட்டப் பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயருக்கு நேரே இடம் காலியாகவே இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு தடவை கேட்டார்கள்.

ஆறாவது மாதம் ரேவதியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஊசி போட வந்தோம், அப்படியே அந்தக் காது டெஸ்டையும் எடுத்துவிடுங்கள் என்றாள். பெனிஷா அறையை இருட்டாக்கினாள். நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் பசையைத் தடவி ஒயர்களை ஒட்டினாள். குழந்தை தூங்க வேண்டும், தூங்கினால்தான் அளக்க முடியும். ரேவதி மடியில் போட்டுத் தட்டினாள்.

அருணா தூங்கவில்லை. நெற்றி ஒயரைப் பிடித்துப் பிய்த்தாள். திரும்ப ஒட்டினார்கள். காது ஒயரை இழுத்து வாயில் வைத்தாள். பால் கொடுத்தார்கள், குடித்துவிட்டு இன்னும் தெம்பாக எழுந்து உட்காரப் பார்த்தாள். ரேவதிக்குச் சங்கடமாகிவிட்டது. ராத்திரியும் இதே கூத்துதான், யாரையும் கண்ணயர விடுவதில்லை, எங்கிருந்துதான் வந்ததோ என்றாள். பெனிஷா கதவுவரை போய்த் திரும்பினாள், கருவிவரை போய்த் திரும்பினாள். எண் வேண்டும். இன்றாவது தெரிந்துவிட வேண்டும். தெரியாமல் இன்னொரு மாதத்தை அவளால் தாங்க முடியாது.

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ திரும்பும்போதுதான் கவனித்தாள். அரையிருட்டில் இரண்டு கண்கள் அவளோடு கதவுவரை போய், அவளோடு திரும்பி வந்துகொண்டிருந்தன. நின்றாள், அவை நின்றன. மெதுவாக இடப்பக்கம் ஓரடி வைத்தாள். தலையே திரும்பியது. சட்டென்று வலப்பக்கம் போனாள். ஒரு கணம் தவறவிட்டுத் தேடிப் பிடித்தாள் அருணா, பிடித்ததும் ஈறு தெரியச் சிரித்தாள். பெனிஷா கருவியை அணைத்தாள்.

“இன்னைக்கு வேண்டாம்,” என்றாள். “அடுத்த வாரம் வாங்க. தூங்கும்போது பாத்துக்கலாம்.”

ரேவதி ஒயர்களைப் பிரித்துக் கொடுத்தாள். பசையைத் துடைக்கப் பஞ்சு எடுக்க வேண்டும், பெனிஷா எடுக்கவில்லை. அருணாவின் கண்களைப் பார்த்தபடியே அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இன்னும் ஒரு தடவை நடந்தாள்.